ருக்மாபாய்: வெளியே வர வழியில்லாத ஒரு கல்யாணம்



2017 நவம்பர் 22 அன்று கூகுளைத் திறந்தவர்களுக்கு ஒரு டூடுல் வந்தது. புடவை கட்டிய ஒரு பெண், கழுத்தில் ஸ்டெதஸ்கோப். அப்போ நம்மில் நிறைய பேர் ஸ்கூலில் இருந்திருப்போம். ஹோம்வொர்க்குக்கு எதையோ தேடிவிட்டு மூடியிருப்போம். அது டாக்டர் ருக்மாபாயின் 153-வது பிறந்தநாள்.

இந்தியாவில் மருத்துவம் பார்த்த முதல் சில பெண் டாக்டர்களில் அவரும் ஒருவர். பொது அறிவுப் புத்தகங்கள் அதோடு நிறுத்திக்கொள்ளும். சட்டம் படிக்கிற உங்க நண்பர்களைக் கேட்டுப் பாருங்க, அவங்களுக்கு இந்தப் பெயர் வேறு மாதிரி தெரிந்திருக்கும். 'தாதாஜி பிகாஜி எதிர் ருக்மாபாய்' என்பது 1880-களில் இந்தியாவையும் இங்கிலாந்தையும் ஒரே நேரத்தில் பேசவைத்த கேஸ்.

டைவர்ஸ், செப்பரேஷன், செட்டில்மென்ட், கல்யாணம் செல்லாது என்பது: இந்த நாலையும் நாம ஒரே பொருளில் பேசிக்கிட்டு இருக்கோம். சட்டத்தில் இவை நாலும் வேற வேற. அந்த வித்தியாசத்தை எந்த நோட்ஸையும் விட ருக்மாபாயின் வாழ்க்கை தெளிவாகக் காட்டிவிடும். அதனால்தான் இந்த இதழில் அவரைப் பற்றி.

பம்பாய், 1864

ருக்மாபாய் 1864 நவம்பர் 22-ல் பம்பாயில் பிறந்தார். அப்பா ஜனார்தன் பாண்டுரங், அம்மா ஜெயந்திபாய். குழந்தை பிறந்தபோது அம்மாவுக்கு வயது 15 தான். ருக்மாபாய்க்கு இரண்டு வயது ஆனபோது அப்பா இறந்துவிட்டார். அம்மா 17 வயதில் விதவை.

அந்தக் காலத்தில் உயர்சாதி வீடுகளில் இந்த நிலைமைக்கு வந்த பெண்ணுக்கு வாழ்க்கை அதோடு முடிந்தது. ஆனால் ஜெயந்திபாயின் குடும்பம் சுதார் எனப்படும் தச்சர் சமூகத்தைச் சேர்ந்தது. அங்கே விதவை மறுமணத்துக்கு வழக்கம் இடம் கொடுத்தது. சில வருடம் கழித்து, மனைவியை இழந்திருந்த டாக்டர் சகாராம் அர்ஜுனை அவர் மணந்துகொண்டார். மறுமணத்துக்கு முன்னால், முதல் கணவர் விட்டுப் போன சொத்தை மகள் பெயருக்கு மாற்றி வைத்தார். இந்தச் சொத்தை நினைவில் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

சகாராம் அர்ஜுன் சாதாரண ஆள் இல்லை. மருத்துவர், தாவரவியல் அறிஞர். 1883-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் இருந்த இரண்டு இந்தியர்களில் ஒருவர். வீட்டில் புத்தகம் இருந்தது, சீர்திருத்தம் பேசும் மனிதர்கள் வந்து போனார்கள். ருக்மாபாய் வளர்ந்த வீடு இதுதான்.

11 வயசு மணப்பெண்

இப்படி ஒரு வீட்டிலும் கல்யாணம் 11 வயதில்தான் நடந்தது. மாப்பிள்ளை தாதாஜி பிகாஜி, சகாராம் அர்ஜுனுக்கு உறவுக்காரப் பையன், வயது 19. வசதி இல்லாத குடும்பம். அவரை வீட்டோடு மாப்பிள்ளையாக வைத்துப் படிக்க வைப்பது, ஆள் ஆக்குவது என்று பேச்சு.

பெண் வயதுக்கு வந்ததும் சாந்தி முகூர்த்தம் வைக்க வேண்டும் என்று மாப்பிள்ளை பக்கம் எதிர்பார்த்தது. சகாராம் அர்ஜுன் ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டர் ஆயிற்றே! சின்னப் பெண்ணின் உடம்புக்கு அது என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியும். தாதாஜி படிப்பிலும் நிற்கவில்லை. கொஞ்ச நாளில் அந்த வீட்டை விட்டு, தன் தாய்மாமா நாராயண் தர்மாஜியின் வீட்டுக்குப் போய்விட்டார். ருக்மாபாய் அம்மா வீட்டிலேயே இருந்தார். இருவரும் கணவன் மனைவியாக ஒருநாள்கூட வாழவில்லை.

கல்யாணத்தோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. மிஷன் நூலகத்திலிருந்து புத்தகம் வாங்கி வீட்டிலிருந்தே படித்தார். அடுத்த எட்டு வருடத்தில் ஆங்கிலத்தில் பத்திரிகைக்கு எழுதும் அளவுக்கு வந்தார். அதற்குள் அவருக்கு ஒரு விஷயம் தெளிவாகியிருந்தது: தாதாஜியோடு போய் வாழ்வதில்லை.

1884: வக்கீல் நோட்டீஸ்

1884 மார்ச்சில் தாதாஜி வக்கீல் மூலமாக நோட்டீஸ் அனுப்பினார். என் மனைவியை என்னிடம் அனுப்பாமல் தடுக்காதீர்கள் என்பது சாரம். ருக்மாபாய் தரப்பு மறுத்துப் பதில் அனுப்பியது. அவருக்கு வருமானம் இல்லை, உடம்பு சரியில்லை, அவர் இருக்கும் வீடு சரியில்லை என்று காரணம் சொன்னார்கள். சொத்துக்காகத்தான் கூப்பிடுகிறார் என்றும் குற்றம் சாட்டினார்கள். சொத்தைக் கையில் வைத்துக்கொள்ளத்தான் பெண்ணை அனுப்பவில்லை என்று தாதாஜி தரப்பு திருப்பிச் சொன்னது.

நோட்டீஸுக்குப் பிறகு தாதாஜி பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். நம்ம ஊர் வக்கீல்கள் இதை 'சேர்ந்து வாழ மனு' என்பார்கள். கணவனோ மனைவியோ காரணம் இல்லாமல் பிரிந்து போய்விட்டால், திரும்பி வந்து சேர்ந்து வாழச் சொல்லி உத்தரவு கேட்பது.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. ருக்மாபாய் பக்கம் என்ன வழி இருந்தது? டைவர்ஸ் கேட்கலாமா? முடியாது. 1869-ல் வந்த விவாகரத்துச் சட்டம் கிறிஸ்தவர்களுக்கு மட்டும். இந்துக்களுக்கு அப்படி ஒரு சட்டமே கிடையாது. சில சாதிகளில் வழக்கப்படி பிரிவதற்கு வழி இருந்தது. நூல் வழிச் சட்டப்படி கல்யாணம் அறுக்க முடியாத பந்தம். 11 வயதில் நடந்த கல்யாணம் செல்லாது என்று கேட்கலாமா? அதுவும் முடியாது. குழந்தைத் திருமணம் அன்றைக்குச் சட்டப்படியே சரி. ஆக, கணவனுக்குக் கோர்ட்டில் ஒரு கதவு திறந்திருந்தது. மனைவிக்கு ஒன்றும் இல்லை. அவர் செய்ய முடிந்தது, போடப்பட்ட வழக்கில் வர முடியாது என்று நிற்பது மட்டும்தான்.

மூன்று தீர்ப்பு

முதல் தீர்ப்பு 1885 செப்டம்பர் 21. நீதிபதி ராபர்ட் பின்ஹே, தாதாஜியின் வழக்கைத் தள்ளுபடி செய்தார். அவர் சொன்ன காரணம் எளிமையானது. சேர்ந்து வாழ்ந்து பிறகு பிரிந்தவர்களைத்தான் மறுபடி சேர்ந்து வாழச் சொல்ல முடியும். இவர்கள் சேர்ந்து வாழவே இல்லை. விவரம் தெரியாத வயதில் கட்டி வைக்கப்பட்ட பெண்ணை, வளர்ந்த பிறகு அவள் விருப்பத்துக்கு எதிராகப் பிடித்து அனுப்ப அவர் மனம் ஒப்பவில்லை. இந்த வகை வழக்கே இந்து சட்டத்தில் இல்லை, இங்கிலாந்து தேவாலய நீதிமன்றங்களிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்டது என்றும் சுட்டிக்காட்டினார். இன்னொன்றையும் கவனிங்க. இந்த உத்தரவை மீறினால் ஜெயில் என்பதை 1884-லேயே இங்கிலாந்து எடுத்துவிட்டது. இந்தியாவின் 1882-ம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தில் மட்டும் ஜெயில் அப்படியே இருந்தது.

தீர்ப்பு வருவதற்குச் சில மாதம் முன்னால், அந்த ஏப்ரலில், சகாராம் அர்ஜுன் இறந்துவிட்டார். வீட்டில் துணையாக நின்ற ஆண் இல்லை. அதே வருடம் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் ஓர் இந்துப் பெண்மணி என்ற புனைபெயரில் இரண்டு கடிதங்கள் வெளிவந்தன. ஒன்று குழந்தைத் திருமணம் பற்றி, இன்னொன்று விதவைகள் மீது திணிக்கப்படும் வாழ்க்கை பற்றி. எழுதியவர் ருக்மாபாய்தான் என்பது பின்னாளில் வெளியே தெரிந்தது.

பத்திரிகைகள் இரண்டாகப் பிரிந்தன. பால கங்காதர திலகர் இந்தத் தீர்ப்பைக் கடுமையாக எதிர்த்தார். வெள்ளைக்கார நீதிபதி நம் குடும்ப வழக்கத்தில் கை வைக்கிறார் என்பது அவர் வாதம். பெஹ்ராம்ஜி மலபாரியும் பண்டித ரமாபாயும் ருக்மாபாய் பக்கம் நின்றார்கள். ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து மாக்ஸ் முல்லர்கூட இதைப் பற்றி எழுதினார். நாம் தலைவராகப் படித்த ஒருவர் இந்த விஷயத்தில் எதிர்ப்பக்கம் நின்றதைப் பார்க்க சிலருக்குச் சங்கடமா இருக்கலாம். நடந்தது அதுதான்.

இரண்டாவது தீர்ப்பு 1886-ல். தலைமை நீதிபதி சார்லஸ் சார்ஜென்ட்டும் நீதிபதி பெய்லியும் அடங்கிய அமர்வு பின்ஹேயின் தீர்ப்பை ரத்து செய்தது. கல்யாணம் செல்லும் என்றால் வழக்கும் செல்லும். சேர்ந்து வாழ்ந்தார்களா இல்லையா என்பது முக்கியம் இல்லை என்று சொல்லி மறுவிசாரணைக்கு அனுப்பியது.

மூன்றாவது தீர்ப்பு 1887 மார்ச் 4. நீதிபதி ஃபாரன், ருக்மாபாய் கணவரிடம் போக வேண்டும், போகாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை என்று உத்தரவிட்டார். அப்போது ருக்மாபாய்க்கு வயது 22. நம்ம பைனல் இயர் வயசு. இந்த உத்தரவுக்குக் கட்டுப்படுவதை விட சிறைக்குப் போகத் தயார் என்பதுதான் அவர் நிலை. அதிலிருந்து அவர் பின்வாங்கவில்லை.

இரண்டாயிரம் ரூபாய்

அப்புறம் என்ன ஆனது? இணையத்தில் தேடினால் பல கட்டுரைகளில் ஒரு கதை வரும்: விக்டோரியா மகாராணி தலையிட்டு அந்தக் கல்யாணத்தையே ரத்து செய்துவிட்டார் என்று. கேட்க நல்லா இருக்கு. ஆனால் வழக்கு முடிந்த விதம் வேறு. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே, 1888 ஜூலையில், இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. தாதாஜி 2,000 ரூபாய் பெற்றுக்கொண்டு, சிறை உத்தரவை நிறைவேற்றக் கேட்பதில்லை என்று ஒத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

அந்தச் சமரசத்தால் என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்று பிரித்துப் பாருங்க. ருக்மாபாய் ஜெயிலுக்குப் போக வேண்டாம். தாதாஜி வீட்டுக்கும் போக வேண்டாம். ஆனால் கல்யாணம் முடியவில்லை! சட்டத்தின் கண்ணில் அவர் இன்னும் தாதாஜியின் மனைவி. அடுத்த வருடமே தாதாஜி வேறு ஒரு பெண்ணை மணந்துகொண்டார்; இந்து ஆண் எத்தனை கல்யாணம் வேண்டுமானாலும் செய்யலாம் என்பது அன்றைய சட்டம். ருக்மாபாய்க்கு அந்த உரிமை இல்லை. ஒரே பத்திரம், ஒருவருக்குப் புது வாழ்க்கை, இன்னொருவருக்கு முடியாத பழைய பந்தம்.

இதை 1888-ன் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. எங்கள் ஊர் பெருநகர். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகிற ரோட்டில், உத்திரமேரூர் தாலுகாவில் இருக்கிறது. எங்க பக்கம் 'அத்து விட்டாச்சு' என்று ஒரு பேச்சு உண்டு. ஊர்ப் பெரியவர்கள் கூடி உட்கார்வார்கள். சீர் சாமான், நகை திரும்பும். ஸ்டாம்ப் பேப்பரில் இனிமேல் உனக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவார்கள். சிலர் நோட்டரி சீலும் வாங்கிக்கொள்வார்கள். உங்க ஊரிலும் வேறு பெயரில் இது இருக்கும்.

அந்தப் பேப்பர் ருக்மாபாயின் 2,000 ரூபாய் மாதிரிதான். சண்டை முடியும், கல்யாணம் முடியாது. இந்து திருமணச் சட்டத்தின் 29-வது பிரிவு, வழக்கப்படி பிரியும் உரிமை உள்ள சமூகங்களுக்கு அதை விட்டுவைத்திருக்கிறது. ஆனால் அந்த வழக்கம் தங்கள் சமூகத்தில் தொடர்ந்து இருந்து வருகிறது என்பதை, சொல்கிறவர்தான் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால், பேப்பரை நம்பி இரண்டாவது கல்யாணம் செய்தவர் மேல் இருதார மணக் குற்றம் வரும். ஏழு வருடம் வரை சிறை. இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு வந்த பெண்ணுக்குச் சட்டப்படி மனைவி என்ற நிலையும் கிடைக்காது. இதில் அதிகம் அடிபடுவது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

லண்டன், சூரத், ராஜ்கோட்

ருக்மாபாய் அந்தப் பந்தத்தை அப்படியே ஓரமாக வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். பம்பாய் காமா மருத்துவமனையில் இருந்த டாக்டர் எடித் பீச்சி ஊக்கம் கொடுத்தார், ஆதரவாளர்கள் பணம் திரட்டினார்கள். 1889-ல் கப்பலேறி, லண்டன் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1894-ல் மருத்துவர் ஆனார்.

இந்தியா திரும்பியதும் சூரத்தில் பெண்கள் மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றார். பிறகு ராஜ்கோட்டில் பெண்கள் மருத்துவமனை. மொத்தம் சுமார் 35 வருட மருத்துவப் பணி. ஆண் டாக்டரிடம் போக முடியாத பெண்கள், பிரசவத்துக்கு வந்தவர்கள், அதில் எத்தனையோ பேர் அவர் மாதிரியே சின்ன வயதில் கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள். 1929-ல், பெண்களை முக்காட்டுக்குள் அடைக்கும் பர்தா முறையை ஒழிக்க வேண்டும் என்று ஒரு சிறு நூல் எழுதினார்.

அவர் வாழ்க்கையில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது 1904-ல் நடந்தது. அந்த வருடம் தாதாஜி இறந்தார். ருக்மாபாய் விதவைக்கான வெள்ளைப் புடவைக்கு மாறினார். ஒருநாள்கூடச் சேர்ந்து வாழாத, தன்னை ஜெயில் வரைக்கும் இழுத்த, வேறு குடும்பம் நடத்திய ஒருவருக்காக! ஏன் அப்படிச் செய்தார் என்று பலர் பல விளக்கம் தருகிறார்கள். நான் எதையும் சேர்க்கவில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது: அந்தக் கல்யாணம் 1888-ல் முடியவில்லை என்பதை அவரும் அறிந்திருந்தார். 16 வருடம் கழித்து, மரணம்தான் அதை முடித்தது. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

சட்டம் நடந்து வந்த வேகம்

1891-ல் சம்மத வயதுச் சட்டம் வந்தது. பெண்ணோடு உறவு கொள்ளும் குறைந்தபட்ச வயது 10-லிருந்து 12 ஆனது. ருக்மாபாய் கேஸ் கிளப்பிய விவாதம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். 12 என்பதற்கே அவ்வளவு எதிர்ப்பு என்றால் பார்த்துக்கோங்க.

1923-ல் சேர்ந்து வாழ மறுத்தால் ஜெயில் என்பது இந்தியச் சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. சொத்தை ஜப்தி செய்யலாம் என்பது மட்டும் மிஞ்சியது. அவரைச் சிறைக்கு அனுப்பப் பார்த்த விதி போவதற்கு 36 வருடம் ஆனது.

நம்ம பக்கத்துக்கு வருவோம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு நடந்தது. காஞ்சிபுரமும் உத்திரமேரூரும் அப்போது செங்கல்பட்டு மாவட்டம்தான். கணவனைப் போலவே மனைவிக்கும் கல்யாணத்தை முடித்துக்கொள்ள உரிமை வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். அது சட்டமாக இருபது வருடம் பிடித்தது. பம்பாய் மாகாணத்தில் 1947-லும் சென்னை மாகாணத்தில் 1949-லும் இந்து விவாகரத்துச் சட்டங்கள் வந்தன. சென்னைச் சட்டம் இருதார மணத்தையும் சேர்த்துத் தடுத்தது.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுவோம். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், குடவோலையில் யார் பெயர் எழுதலாம், யார் பெயர் கூடாது என்று விதி விதியாகக் கல்லில் வெட்டிய ஊர். அதே ஊரில், பிடிக்காத கல்யாணத்திலிருந்து ஓர் இந்துப் பெண் கோர்ட் வழியாக வெளியே வரலாம் என்ற சட்டம் நடைமுறைக்கு வர 1949 ஆகிவிட்டது.

நாடு முழுவதற்குமான இந்து திருமணச் சட்டம் 1955 மே 18-ல் அமலுக்கு வந்தது. அதே வருடம் செப்டம்பர் 25-ல் ருக்மாபாய் தன் 90-வது வயதில் காலமானார். நடுவில் நாலு மாதம்.

அந்தக் கேஸ் இன்றைக்கு வந்தால்

நாம இன்ஜினியரிங் ஸ்டூடண்ட்ஸ். பழைய இன்புட்டைப் புது சிஸ்டத்தில் ஓட்டிப் பார்க்காமல் விட முடியுமா? ருக்மாபாயின் தேதிகளை இன்றைய சட்டத்தில் வைத்துப் பார்ப்போம். சட்டத்தில் இருக்கிற வழிகள் ஒவ்வொன்றாகத் தெரியும்.

முதல் வழி, கல்யாணத்தையே ரத்து செய்வது. 2006-ம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, 18 வயதுக்கு முன் கல்யாணம் ஆன பெண், 18 முடிந்து இரண்டு வருடத்துக்குள், அதாவது 20 வயது நிறைவதற்குள், அந்தக் கல்யாணத்தை ரத்து செய்யக் கேட்கலாம். தாதாஜியின் நோட்டீஸ் வந்தது 1884 மார்ச்சில். அப்போது ருக்மாபாய்க்கு 19 வயது. 20 நிறைய இன்னும் எட்டு மாதம் இருந்தது. நோட்டீஸ் கிடைத்த வாரமே மனு போட்டிருக்கலாம், கேஸ் அங்கேயே முடிந்திருக்கும். இதற்குப் பெயர் டைவர்ஸ் இல்லை, ரத்து. ஏற்கெனவே மனைவி உயிரோடு இருக்கும்போது நடக்கும் இரண்டாவது கல்யாணம் போன்றவை இன்னும் ஒரு படி மேல்: அவை தொடக்கத்திலிருந்தே செல்லாது.

இரண்டாவது வழி, 1976-ல் சேர்த்த ஒரு விதி. 15 வயதுக்கு முன் கல்யாணம் ஆன பெண், 15-க்கும் 18-க்கும் இடையில் அந்தக் கல்யாணத்தை ஏற்க மறுத்திருந்தால், அதையே காரணமாகக் காட்டி டைவர்ஸ் கேட்கலாம். சேர்ந்து வாழ்ந்தார்களா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. பின்ஹேக்கும் சார்ஜென்ட்டுக்கும் நடுவில் இருந்த பிரச்சினைக்கு 90 வருடம் கழித்து வந்த பதில் மாதிரி இருக்கு, இல்லையா?

மூன்றாவது, ஒருவர் இன்னொருவர் மேல் காரணம் காட்டிக் கேட்கும் டைவர்ஸ். கொடுமை, வேறு உறவு, இரண்டு வருடம் தொடர்ந்து கைவிட்டுப் போனது, ஏழு வருடமாக உயிரோடு இருக்கும் செய்தியே இல்லாதது போன்றவை காரணங்கள். கல்யாணம் ஆகி ஒரு வருடம் முடியும் முன் பொதுவாக இந்த மனு போட முடியாது. கடுமையான துன்பம் என்றால் மட்டும் விலக்கு.

நான்காவது, பரஸ்பர சம்மதம். இதுவும் 1976-ல்தான் இந்து திருமணச் சட்டத்துக்குள் வந்தது. ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். இருவரும் சேர்ந்து மனு போட வேண்டும். ஆறு மாதம் கழித்து மறுபடி வந்து, இன்னும் அதே முடிவுதான் என்று சொல்ல வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தகுந்த வழக்குகளில் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1888 ஜூலையில் நடந்த சமரசம் இன்றைக்கு நடந்தால் இந்த வடிவத்தில்தான் நடக்கும். பணம், நகை, பிள்ளைகள் எல்லாம் பேசி முடிவான பிறகு கோர்ட் டிக்ரி கொடுக்கும். டிக்ரி வந்தால்தான் கல்யாணம் முடிந்தது.

ஐந்தாவது, நீதிமன்றப் பிரிவு. பிரிந்து வாழக் கோர்ட்டே அனுமதி கொடுக்கும், ஆனால் கல்யாணம் அப்படியே இருக்கும். மறுமணம் செய்ய முடியாது. யோசிக்க அவகாசம் வேண்டும் என்பவர்களுக்கான ஏற்பாடு இது.

அப்போ தாதாஜி போட்ட அந்த 'சேர்ந்து வாழ மனு' என்ன ஆச்சு? இன்னும் இருக்கு! இங்கிலாந்து 1970-ல் சட்டம் போட்டு அதை ஒழித்துவிட்டது. நம்ம இந்து திருமணச் சட்டத்தில் 9-வது பிரிவாக இன்னும் இருக்கிறது. 1983-ல் ஒரு திரைப்பட நடிகையின் வழக்கில், இது பெண்ணின் உடல் மீதான உரிமையையே பறிக்கிறது என்று சொல்லி ஆந்திர உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. அடுத்த வருடமே வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லும் என்றது. 2019-ல் சட்டக் கல்லூரி மாணவர்கள் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார்கள். ஆமாம், நம்மை மாதிரி ஸ்டூடண்ட்ஸ்தான்.

ஆனால் ஒரு மாற்றம். சேர்ந்து வாழச் சொல்லி உத்தரவு வந்து ஒரு வருடம் வரை சேரவில்லை என்றால், அதையே காரணமாக வைத்து இருவரில் யாரும் டைவர்ஸ் கேட்கலாம். ருக்மாபாய்க்கு உத்தரவு வந்தது 1887 மார்ச் 4. இன்றைய சட்டம் இருந்திருந்தால், 1888 மார்ச்சில் அந்த உத்தரவையே காட்டி அவர் விடுதலை கேட்டிருக்கலாம், 2,000 ரூபாய் பேச்சுக்கு நாலு மாதம் முன்னாடியே.

இதெல்லாம் இந்து முறைக் கல்யாணத்துக்கு. ரிஜிஸ்டர் ஆபீஸில் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பண்ணியவர்களுக்கு 1954-லிருந்தே பரஸ்பர சம்மதம் உண்டு. கிறிஸ்தவர்களுக்கு 2001 திருத்தத்தில் அது வந்தது. முஸ்லிம் பெண்கள் கோர்ட் மூலம் கல்யாணத்தைக் கலைக்க 1939-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கணவர் ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் 2019 சட்டப்படி செல்லாது, குற்றமும்கூட.

உங்களுக்கு ஒரு தேதி

இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் மனசில் வெச்சுக்கோங்க. அந்த 20 வயசு.

நம்ம காலேஜில் பர்ஸ்ட் இயர், செகண்ட் இயர் படிக்கிறவங்க 18, 19 வயசு. உங்க கூட பத்தாவது படிச்சு, பாதியில் நின்னு, கல்யாணம் ஆகிப் போன ஒரு பொண்ணு யாராவது இருக்கலாம். அந்தக் கல்யாணத்தில் அவளுக்கு விருப்பம் இல்லை என்றால், அதை ரத்து செய்யக் கேட்கும் நேரம் அவளுக்கு இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. 20 நிறைந்த பிறகு அந்தக் கதவு மூடிடும். அப்புறமும் டைவர்ஸ் கேட்கலாம், ஆனால் அது நீண்ட வழி. அவளுக்கு ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி முடிச்சுக்கலாம்னு யாராவது சொல்லியிருந்தால், அது போதாது என்பதையும் சொல்லுங்க.

வக்கீல் வைக்கக் காசு இல்லை என்பது தடை இல்லை. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி கொடுக்க வேண்டும் என்பது 1987-ம் ஆண்டுச் சட்டம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், 15100-க்கு போன் பண்ணலாம். 18-க்குக் கீழே உள்ள பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடக்குதுன்னா 1098.

ருக்மாபாய்க்கு 19 வயதில் இப்படி ஒரு சட்டமும் இல்லை, ஒரு போன் நம்பரும் இல்லை. உங்க தோழிக்கு இருக்கு. அவளுக்கு அது தெரியுமா என்று இந்த வாரமே கேட்டுப் பாருங்க.